தொட்டிக்குள்ளிருந்து வந்த பதில்

இது நடந்தது. என் சகலைக்கு நடந்தது. அவருக்குப் பொய் சொல்ல வராது. குடும்பத்தில் அந்தக் கலை எனக்கு மட்டும்தான் வாய்த்தது. ஆகவே தாராளமாக நம்பலாம். ஒரே ஒரு வேண்டுகோள், சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள்.

சகலைக்குப் போர்க்கப்பலில் வேலை. உடனே பீரங்கி, கீரங்கி என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். இருநூறு வீரர்களின் கக்கூஸ் தண்ணீர் போய்ச் சேரும் இரும்புத் தொட்டிக்கு அவர்தான் காவல். கப்பலின் அடிவயிற்றில் நின்றுகொண்டு வால்வைத் திறக்க வேண்டும், மூட வேண்டும். கப்பலில் அவருக்குப் பெயரே ‘வால்வு’தான்.

அந்தத் தொட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வால்வைத் திறப்பதானாலும் முதலில் ஸ்பானரால் தொட்டியை இரண்டு தட்டு தட்ட வேண்டும். உள்ளே கழுவ இறங்கிய ஆள் யாராவது இருந்தால் அவனும் திருப்பி இரண்டு தட்டுவான். பதில் வந்தால் திறக்கக் கூடாது. சகலை, தொட்டி நிறைந்து கிடந்தாலும் தட்டிவிட்டுத்தான் திறப்பார். கை அப்படிப் பழகிவிட்டது.

அன்று கப்பல் ஒரு விரிகுடாவில் நங்கூரம் போட்டு நின்றது. அதே தண்ணீரில்தான் சகலையின் மாப்பிள்ளை மிதவை கட்டிச் சிப்பி வளர்த்தார். பெண்ணின் பிழைப்பு முழுக்க அந்தக் கயிறுகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் அறுவடை.

கழிவைச் சுத்திகரிக்காமல் கரைக்குப் பக்கத்தில் கடலில் விடக் கூடாது என்பது விதி. தொட்டி நிறைந்தால், உறிஞ்சிக்கொண்டு போக ஒரு படகு வர வேண்டும். அந்தப் படகோ வாரக்கணக்காகப் பழுதாகிக் கிடந்தது. தொட்டி கழுத்துவரை வந்துவிட்டது. மதியம் தளபதி விருந்துக்கு வருகிறார். வந்த இடத்தில் கக்கூஸ் பொங்கினால் கப்பலின் மானம் கப்பலேறிவிடும்.

அதிகாரி மூக்கைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

“வால்வு, கடலுக்குத் திறந்து விடு.”

“சார், விதி இருக்கே சார்…”

“போர்க்கப்பலுக்கு விதியில என்ன போட்டிருக்கான் தெரியுமா? ‘இயன்றவரை’. இன்னிக்கு இயலல.”

“இங்கதான் சார் என் மாப்பிள்ளை சிப்பி போட்டிருக்காரு.”

“கடல் பெருசுய்யா. உன் சிப்பிக்கு ஒண்ணும் ஆகாது. திறக்கிறியா, இல்ல நீயும் போய் மாப்பிள்ளையோட கயிறு இழுக்கிறியா?”

ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. சகலை ஸ்பானரை எடுத்தார்.

பட்டப்பகல்தான். ஆனால் அடித்தளத்தில் பகல் என்பது மேலே இருப்பவர்கள் சொல்லிக் கேள்விப்படுகிற விஷயம். ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. எங்கோ சொட்டும் தண்ணீர்.

டங்… டங்.

பிறகு, உள்ளேயிருந்து…

டங்… டங்.

சகலையின் கை அந்தரத்தில் நின்றது.

“குழாய்ல காத்து அடைச்சிருக்கும்” என்றார் அதிகாரி. ஸ்பானரைப் பிடுங்கி அவரே ஒரு தட்டு தட்டினார்.

பதில் இரண்டு.

மூன்று தட்டினார்.

பதில் இரண்டுதான்.

அதிகாரி ஸ்பானரைத் திருப்பிக் கொடுத்தார். ஒலிபெருக்கியில் ஆள் எண்ணச் சொன்னார். எண்ணினார்கள். ஒரு தலைகூடக் குறையவில்லை. குறையவும் முடியாது. வாரக்கணக்காக நிறைந்துகொண்டே வந்த தொட்டிக்குள் எவன் இருப்பான்?

“எண்ணிக்கை சரியா இருக்குல்ல? திற.”

அப்போதுதான் சகலை கவனித்தார். நாற்றம் இல்லை. வருடக்கணக்காக அவர் மூக்கில் குடியிருந்த நாற்றம்… சுத்தமாக இல்லை. யாரோ மிக அருகில் நின்று எல்லா மூச்சையும் இழுத்துக்கொண்டதுபோல் இருந்தது.

வால்வைத் திருகினார்.

தண்ணீர் இரைந்தது.

தட்டல் வேகமானது.

டங்டங்… டங்டங்… டங்டங்…

மட்டம் இறங்க இறங்க, தட்டலும் இறங்கியது. தோளுக்கு நேரே. இடுப்புக்கு நேரே. முழங்காலுக்கு நேரே.

பிறகு குழாய்க்குள் புகுந்தது.

அவர் காலடியில் நகர்ந்தது.

கப்பலின் சுவரை அடைந்தது.

ஒரு தட்டு…

அவ்வளவுதான்.

கடலுக்குப் போய்விட்டது.

அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இனிமே திறக்கிறதுக்கு முன்னாடி தட்டாதே. தட்டினாத்தானே பதில் வரும்?” என்று உத்தரவு போட்டுவிட்டு விருந்துக்குப் போனார். விருந்து அமோகமாக நடந்ததாகக் கேள்வி.

சில நாள் கழித்து மகள் போன் செய்தாள்.

“அப்பா, சிப்பி எடுக்கவே கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. தண்ணி கெட்டுப்போச்சாம். அவர் கயித்த எல்லாம் அறுத்து விட்டுட்டு உக்காந்திருக்காரு. எங்கிருந்து வந்த கழிவுன்னு யாருக்கும் தெரியலையாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமாப்பா?”

“தெரியாதும்மா.”

சகலைக்குப் பொய் வந்தது அன்றைக்குத்தான். அதன்பின் அவருக்குத் தூக்கமும் வரவில்லை, சோறும் இறங்கவில்லை. கடைசியில், தனக்கு முன் அதே தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவரைத் தேடிப் போனார். ஒண்டிக்கட்டை. வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டார்.

“எத்தன தட்டு?”

“ரெண்டுண்ணே.”

கிழவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

“எங்களுக்கும் ரெண்டுதான் வந்துச்சு” என்றார். “தொட்டியக் கழுவி முடிச்சு மூடியப் போட்டாச்சு. திரும்பக் கழிவ உள்ள விடணும். தட்டுனேன். பதில் வந்துச்சு. குழாய்ல காத்துன்னு அன்னிக்கு இருந்த அதிகாரியும் சொன்னாரு. எதுக்கும் இருக்கட்டும்னு ஆள எண்ணுனோம். எல்லாரும் இருந்தாங்க. திறந்து விட்டேன்.”

“அப்புறம்?”

“மூணு மாசத்துல பம்பு அடைச்சுது. பிரிச்சுப் பாத்தா, ஒரு பூட்ஸ் வாரு. நம்ம கப்பல் பூட்ஸோடது இல்ல.”

“அப்ப யாரோடது?”

“கழுவ வந்த கான்ட்ராக்ட் பசங்கள்ல ஒருத்தன்” என்றார் கிழவர். “அவங்கள நாங்க எண்ணவே இல்லப்பா.”