கழுத்துக்கு அடியில் ஒரு காகிதம்

வாசிக்க உட்காரும் முன் என் மாமனார் மின்விசிறியை நிறுத்துவார். பிறகு கிட்டாரை மடியில் நிமிர்த்தி, அதன் உடலில் கொம்பு போல நீண்டிருக்கும் மேல்முனையில் தாடையைப் பதித்துக்கொள்வார். கட்டைவிரலால் இருப்பதிலேயே தடித்த தந்தியை ஒரே ஒரு முறை தட்டிவிட்டு, அந்த அதிர்வு பல்லுக்குள் இறங்கி முழுக்க அடங்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடி கிடப்பவர்கூட இதைவிடக் கொஞ்சம் முகபாவம் காட்டுவார். அடங்கியதும் "பதினொண்ணு" என்பார். விநாடிக் கணக்கு. அதுவரை வீட்டில் யாரும் வாஷிங் மெஷினைப் போடக் கூடாது, நாற்காலியை இழுக்கக் கூடாது. தும்மல் வந்தால் வெளியே போய்விட வேண்டும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருட சர்வீஸ். லிஃப்ட் கதவிலும் இப்படித்தான் காதை வைத்து நிற்பார். அந்தந்தக் கட்டடக் காவலாளிகளுக்கு அது பழகிவிட்டது.

எனக்குக் கல்யாணமானபோது, என் அலுவலகம் பக்கத்தில் என்பதால் மனைவியின் வீட்டிலேயே தங்கினோம். வீட்டோடு மாப்பிள்ளை என்று உறவில் சொல்லிக்கொண்டார்கள். எங்களுக்குக் கொடுத்த அறையில் எனக்கு முன்பே ஏழு பேர் குடியிருந்தார்கள். ஏழும் எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார்கள். ஒவ்வொன்றிலும் நான்கே தடித்த தந்திகள். ஏழும் ஒரே கம்பெனி, ஒரே வருடம், ஒரே நிறம்: நடுவில் தேன், ஓரமெல்லாம் கருப்பு. முதல் வாரம் கண் விழிக்கும்போதெல்லாம் ஒரே ஆள் ஏழு இடத்தில் நின்று என்னைப் பார்ப்பது போலிருந்தது.

சேகரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். மாமியார் திருத்தினார்.

"சேகரிக்கிறதெல்லாம் இல்ல மாப்பிள்ளை. தேடுறாரு. ஒண்ணு தொலைஞ்சா ஜனங்க ஒண்ணு வாங்குவாங்க. இவரு ஒண்ணு தொலைஞ்சதுக்கு ஏழு வாங்கியிருக்காரு. நான் தொலைஞ்சா என்ன பண்ணுவாரோ!"

"உன்னைத் தொலைக்க எனக்கு லீவு எங்க இருக்கு?" என்றார் மாமனார், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

கதை இதுதான். இளவட்டமாக இருந்தபோது அவர் ஒரு ஹோட்டல் இசைக்குழுவில் பேஸ் வாசித்தார். பேஸ் வாசிப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. குழுவில் கீபோர்டு வாசித்தவர் "ரெண்டே நாள்" என்று அந்தக் கிட்டாரை வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் அவர் வீட்டில் வேறு குடித்தனம் இருந்தது. இருபத்தேழு வருடம் ஆகிறது. ஊரிலுள்ள எல்லா லிஃப்டின் சீரியல் நம்பரையும் மனப்பாடமாகச் சொல்லும் மனிதர், தன் கிட்டாரின் நம்பரைக் குறித்துவைக்கவில்லை.

ஆனால் ஓர் அடையாளம் இருந்தது. இந்தக் கிட்டார்களில் கழுத்தும் உடலும் தனித்தனிக் கட்டைகள். நான்கு திருகுகள்தான் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். கழுத்தின் சாய்வு சரியில்லை என்றால், கழற்றி, அது உட்காரும் குழியில் ஏதாவது காகிதத்தை மடித்து வைத்து முடுக்குவார்கள். மேஜைக் காலுக்கு அட்டை சொருகுவது போலத்தான். மாமனாரும் வைத்திருந்தார்.

"என்ன காகிதம் மாமா?"

"பார்த்தா தெரியும்."

"எங்கிட்டகூட சொல்லக் கூடாதா?"

"சொன்னா வெளிய போகும். எவனாவது அதையே மடிச்சு வச்சு வித்துருவான்."

கழுத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குகிறேன் என்றால் எந்த விற்பவரும் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் வாங்குவார், வீட்டுக்குக் கொண்டுவருவார், சாப்பாட்டு மேஜையில் துண்டு விரித்துக் கழற்றுவார். ஒன்றில் தீப்பெட்டி அட்டை இருந்தது. ஒன்றில் பஸ் டிக்கெட். ஒன்றில் சீட்டுக்கட்டின் டைமண்ட் மூன்று. ஒன்றில் யாரோ ஒரு பிளம்பரின் விசிட்டிங் கார்டு. அதிலிருந்த எண்ணுக்கு மாமனார் போன் செய்து பார்த்தார், ராங் நம்பர். எல்லாவற்றையும் எடுத்த மடிப்பிலேயே திரும்ப வைத்து முடுக்கினார். ஏன் விற்றுவிடக் கூடாது என்று கேட்டால், "இதுவும் எவனோ தொலைச்சதா இருக்கும். தேடிக்கிட்டு வந்தான்னா?" என்பார். இதுவரை யாரும் வரவில்லை.

எட்டாவதைக் கண்டுபிடித்தது என் மனைவி. செல்போனில் ஏதோ ஒரு நிகழ்ச்சியின் காணொளி. அதில் ஒரு பெண் பேஸ் வாசிக்கிறாள், தேன் நிறம், கருப்பு ஓரம். பிசியோதெரபிஸ்ட்டாம், ஓய்வு நாட்களில் குழுவோடு வாசிப்பவளாம். விசாரித்ததில், ஒரு கீபோர்டுக்காரரின் தம்பியிடமிருந்து வாங்கியது என்று தெரிந்தது. அன்று மாமனார் சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதைச் சொல்லவில்லை. இல்லாததை நாங்கள் மூன்று பேரும் கவனித்தோம்.

நானும் அவருமாகப் போனோம். நாலாவது மாடி. லிஃப்ட் கதவில் காதை வைத்தபடியே வந்தவர், இறங்கியதும், "பிரேக் தேஞ்சிருக்கு" என்றார்.

அந்தப் பெண் கதவிலேயே சொன்னாள். "விக்கிற ஐடியா இல்லைன்னு போன்லயே சொன்னேனே சார்."

"வாங்க வரலம்மா. கழட்டிப் பார்க்கணும்."

"எதை?"

"கழுத்தை."

அவள் என்னைப் பார்த்தாள். நான் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தேன்.

உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்டாள். பிறகு, "கழட்டி மாட்டினா பழைய மாதிரி உட்காராதுன்னு சொல்றாங்களே" என்றாள்.

"அப்படிச் சொல்றவங்க மாட்டத் தெரியாதவங்க."

"சரி. உங்க காகிதம் உள்ள இருந்துச்சுன்னு வைங்க. அப்புறம்?"

தேடுகிறவரிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"இருந்தாலும் இது இங்கதான் இருக்கும் சார். நான் நியாயமா வாங்கினேன். ஒன்பது வருஷமா வாசிக்கிறேன். அதுக்குச் சம்மதம்னா கழட்டுங்க."

"யோசிச்சுச் சொல்றேன்."

ஒரு வாரம் யோசித்தார். அதாவது, ஒரு வாரம் எந்தக் கிட்டாரையும் தொடவில்லை. வாஷிங் மெஷின் இஷ்டத்துக்கு ஓடியது. மாமியார்தான் பொறுக்க முடியாமல் ஆரம்பித்தார்.

"போகாதீங்க. அதுவாவே இருந்து, அந்தப் பொண்ணு கொடுக்கலைன்னா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உட்காருவீங்க. அதை யாரு பார்த்துக்கிட்டு இருக்கிறது?"

"அது இல்லைன்னா?"

"இல்லைன்னா ஒன்பதாவதைத் தேடிப் போவீங்க. ரெண்டுமே எனக்குத்தான் தலைவலி."

"அப்ப போய்ட்டே வந்துடறேன்" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

இந்த முறை அந்தப் பெண் கிட்டாரை உடனே கொடுக்கவில்லை. "ஒரு தடவை வாசிச்சுட்டுத் தரேன். ஆபரேஷனுக்கு அனுப்புற மாதிரி இருக்கு" என்று ஆம்ப்ளிஃபையரில் இணைத்து உட்கார்ந்தாள். நான்கைந்து நிமிடம் வாசித்திருப்பாள். அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் மெல்ல ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. மாமனார் அவள் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "சுண்டுவிரல் நல்லா வேலை செய்யுது" என்றார். என் மனைவி முதல் வகுப்பில் தேறியபோது "பரவாயில்ல" என்று மட்டும் சொன்னவர் அவர்.

மேஜையில் துண்டு விரித்தார். தந்திகளைத் தளர்த்தினார். முதல் திருகில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தவர், "மாப்பிள்ளை, வண்டி டிக்கியில டார்ச் இருக்கு, எடுத்துட்டு வாங்க" என்றார். ஜன்னல் வழியே வெயில் மேஜை மீதுதான் விழுந்துகொண்டிருந்தது. எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாததால் போனேன். திரும்பும்போது லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்றுவிட்டது. மீதியைப் படியில் ஏறி, மூச்சு வாங்க உள்ளே நுழைந்தபோது அவர் கடைசித் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். கார் சக்கரத்துக்குச் செய்வது போல, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி.

"என்ன மாமா?"

"இல்ல. நம்மளது இல்ல."

அந்தப் பெண் கைகளைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். மாமனார் தந்திகளைச் சுருதி சேர்த்தார், தாடையை வைத்தார், தட்டினார். அடங்கும்வரை காத்திருந்துவிட்டு எண்ணைச் சொல்லாமலே கிட்டாரை அவளிடம் நீட்டினார். "பழைய மாதிரிதான் உட்கார்ந்திருக்கு. பார்த்துக்கம்மா." போகும் வழியில் காவலாளியிடம் பிரேக்கைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

வீட்டில் அதே மூன்று சொற்கள். மாமியார் "அப்பாடா" என்றார். என் மனைவிக்குத்தான் கண் கலங்கியது. ஒன்பதாவது எப்போது என்று காத்திருந்தோம். வரவில்லை. பழைய கிட்டார் விற்பனை விளம்பரங்கள் பார்ப்பதை அவர் விட்டுவிட்டார். ஏழையும் நாளுக்கு ஒன்றாக வாசித்தார். பிளம்பர் கார்டு இருக்கும் கிட்டார் மற்றவற்றைவிட நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் அறிவித்தார். வயதாகிறது, அலுத்திருக்கும் என்று பேசிக்கொண்டோம்.

எட்டு மாதம் கழித்து, கணினியில் வேலை பார்த்துப் பார்த்து என் மணிக்கட்டு வீங்கியது. அந்தப் பெண்ணின் கிளினிக்குக்கே போனேன். என் கையை முறுக்கிக்கொண்டே, "சார் எப்படி இருக்கார்? உங்ககிட்ட சொன்னாரா, இல்லையா?" என்று கேட்டாள்.

எதை என்றேன்.

உள்ளே இருந்தது லிஃப்ட் மெக்கானிக் பரீட்சையின் ஹால் டிக்கெட்டாம். நாலாக மடித்தது. பெயர் இருந்த பக்கம் பசை பிடித்து அழிந்துபோயிருந்தது. போட்டோ மட்டும் அப்படியே. மீசை இல்லை, கன்னம் ஒட்டியிருந்தது, காது மட்டும் அதே காது. "சார், இது நீங்கதானே?" என்று கேட்டிருக்கிறாள்.

"சாயல் இருக்கு" என்றாராம். மடிப்பு ஒரு பக்கமாக நழுவியிருந்ததை நேராக்கி, குழியில் திரும்ப வைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாராம்.