கயிறும் கம்பிவலையும்

அன்று இரவு மண்டி மொஹல்லாவை விட்டு நடந்துகொண்டிருந்தேன். விரல்கள் வீங்கியிருந்தன.

கயிறு கட்டிய மேடையில் பல வருடம் சண்டை போட்டவன் நான். அடி தாங்காவிட்டால் கயிற்றுக்கு அடியில் நழுவி வெளியே விழுவேன். கூட்டம் திட்டிக்கொண்டே உள்ளே தள்ளும். அதற்குள் மூச்சு வாங்கிக்கொள்வேன். அன்று மாலை, ஏதோ வீடியோ கேசட்டைப் பார்த்துவிட்டு, சண்டைப் பந்தயம் நடத்துபவன் கயிற்றை எடுத்துவிட்டுக் கம்பிவலைக் கூண்டு போட்டிருந்தான்.

"இங்க கயிறு இல்ல குரு, எங்க நழுவுவ?" என்றான் எதிராளி.

அடி விழுந்ததும் பழக்கத்தில் வலைக்கண்ணில் விரல் நுழைத்துப் பிடித்தேன். வெளியே நின்றவர்கள் என் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டார்கள்.

"விடாதீங்கடா, நல்லா வாங்கட்டும்" என்று சிரித்தான் ஒருவன்.

நான் துவண்டு தொங்கும்வரை விடவில்லை. அடித்தவன் கூலிக்கு அடித்தான். பிடித்தவர்களை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

மறுநாள் காலை ஹெப்பாளில் கம்பிவலை பின்னும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பி வீணாகிறது என்று முதலாளி கத்தியும், விரல் நுழையாத அளவுக்கு நெருக்கியே பின்னினேன்.