வாப்பா அவனுக்குச் சொன்ன ஆறுதல்

இலியாஸ் காக்கா, உன் வெள்ளைத் தொப்பி என்னிடம்தான் இருக்கிறது. ஹில்கிராஃப்ட் மளிகைக் கடையில் நான் கல்லாவில் நிற்பேன், நீ டெலிவரி வேன் ஓட்டுவாய். அன்று காலை தொப்பியைக் கழற்றிக் கல்லா மேல் வைத்துவிட்டு முதலாளியிடம் போனாய். “அங்கிள், பிரேக் மிதிச்சா உள்ள போயிட்டே இருக்கு. இன்னைக்கு வேன் எடுக்க வேணாம்.” அவன் தலைகூட நிமிரவில்லை. “உன்னை டிரைவரா வச்சேனா, மெக்கானிக்கா வச்சேனா? மெதுவா ஓட்டு, போ.” நீ என்னிடம் கண்ணடித்தாய். “பாத்தியா தங்கச்சி, எனக்கு ப்ரமோஷன்.” தொப்பியை மறந்து போனாய். ஃப்ரீவேயிலிருந்து இறங்கும் இடத்தில் வேன் நிற்கவில்லை.

உன்னை அடக்கிவிட்டு வந்ததும் முதலாளி நம் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். துக்கம் கேட்க வந்த எல்லாரிடமும் சொன்னதையே வாப்பா அவனிடமும் சொன்னார். “அல்லாஹ்வோட நாட்டம். யார் மேலயும் குத்தம் இல்ல.” மய்யித்து வீட்டில் வேறென்ன சொல்வார்கள்? அழுகிறவனைத் தேற்றச் சொன்ன வார்த்தை அது. அதைத்தான் அவன் பத்திரமாகக் கொண்டுபோய்த் தன் வக்கீலிடம் கொடுத்தான்.

நாங்கள் வழக்குப் போட்டதும் பார்ஷியல் சம்மரி ஜட்ஜ்மென்ட் என்று அவன் வக்கீலிடமிருந்து ஒரு மனு வந்தது. நான் பத்தாவதுகூட முடிக்காதவள். எங்கள் வக்கீல் ஆன்ட்டிதான் புரிய வைத்தார். “முழு கேஸையும் இல்லம்மா. பிரேக் போனது தெரிஞ்சே அனுப்பினார்ங்கிற ஒரு பகுதியை மட்டும் ட்ரயலுக்கு முன்னாடியே கட் பண்ணச் சொல்றாங்க. அதுல ரெண்டு பக்கமும் தகராறே இல்லன்னா ஜட்ஜே முடிச்சிடலாம், ஜூரி காதுக்கே போகாது. தகராறு இருக்குன்னு நாம காட்டணும்.” வாப்பாவே குற்றமில்லை என்றாராம், அப்புறம் என்ன தகராறு என்பது அவர்கள் வாதம். “என் வாயாலயே என் புள்ளைய...” என்றார் வாப்பா.

அன்று காலை கேட்டதை நான் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தேன். விசாரணையில் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. இரண்டு வக்கீல்களும் காகிதங்களை வைத்துப் பேசினார்கள். நான் கேட்டேன் என்கிறேன், அவன் அப்படிப் பேசவே இல்லை என்கிறான். எது உண்மை என்பதை ஜூரிதான் சொல்ல வேண்டும் என்று ஜட்ஜ் அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார். ஜெயிக்கவில்லை, காக்கா. நீ சொன்னதை வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெளியே அவன் எனக்கு சலாம் சொன்னான். பதில் சலாம் கடமைதான், நான் சொல்லவில்லை. பாவமென்றால் பாவமாகவே இருக்கட்டும்.

ட்ரயல் அன்றும் இந்தத் தொப்பி என் மடியில் இருக்கும். இதைப் படிக்கிறவர்களே, அவனை மன்னிக்கச் சொல்லி யாரும் என்னிடம் வராதீர்கள். தொப்பியை மறந்து போன என் காக்காவுக்காக எல்லாரும் துஆ செய்யுங்கள்.