மூன்று சதவீதத்தில் ஒரு கருகமணி

சனிக்கிழமை பிற்பகல் இரண்டேகாலுக்கு மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். மடியில் மூன்று வாரத்துக்கு முன் வாங்கிய மிரர்லெஸ் கேமரா. ஒன்பது வருடம் கல்யாண வீடுகளில் என் தோளை ஒடித்த டிஎஸ்எல்ஆரை விற்றுவிட்டு வாங்கியது. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் வலப்பக்கம் மலை கூடவே வந்தது. புதுப் பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி சுட்டுத் தள்ளிக்கொண்டே போனேன். ராஜபாளையத்தில் இறங்க ஐந்து மணி. லாட்ஜில் அறை வாடகை தொள்ளாயிரம் ரூபாய். முதல் வேலையாக பேட்டரியைச் சார்ஜ் போட்டேன்.

என்னை வரவழைத்தவள் கல்லூரித் தோழி நஸ்ரின். குவைத்தில் நர்ஸ். தங்கை ஆயிஷாவின் நிக்காஹுக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டில் பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் கிடையாது. செல்போனையும் வாசலிலேயே ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுவார்கள். அங்கே நடப்பதை அவள் பார்க்க என் கேமராவை விட்டால் வேறு வழியில்லை.

“நூறு படம் வேணாம்டி,” என்று போனில் சொன்னாள். “கருகமணி கட்டுறப்ப எங்கம்மா மொகம். அது ஒண்ணு போதும்.”

ஞாயிறு காலை ஏழரை. பேட்டரி நூறு சதவீதம். மணப்பெண் வீட்டில் மருதாணிக் கை, பூ, நகை என்று எடுத்தேன். ஒன்பதேகாலுக்கு வேன் கிளம்பியது. மண்டபம் பதினொரு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில். வழியெல்லாம் கேமரா என் கழுத்தில் தொங்கியது, அணைக்காமல்.

அங்கேதான் என் புத்தி மழுங்கியிருந்தது. பழைய கேமராவில் கண்ணாடி வழியாக நேராகப் பார்ப்போம். பார்ப்பதற்குப் பேட்டரி செலவில்லை. காலையில் ஆன் செய்தால் ராத்திரி வீட்டுக்கு வந்துதான் அணைப்பேன். புதியதில் நாம் பார்ப்பதே ஒரு குட்டி டிவி. அது ஓடிக்கொண்டே இருக்கும். பத்து மணிக்கு மண்டபத்தில் பார்த்தேன்: பேட்டரி பதினெட்டு சதவீதம்.

மாற்று பேட்டரியை எடுத்துப் போட்டேன். உள்ளே இறங்கவில்லை. திருப்பிப் போட்டேன், அழுத்தினேன். பிறகுதான் உறைத்தது. அது விற்றுப்போன கேமராவின் பேட்டரி. கைப்பழக்கத்தில் பழைய பேட்டரி உறையை அப்படியே பையில் போட்டு வந்திருக்கிறேன். சார்ஜரும் கார்டு ரீடரும் லாட்ஜில்.

வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம் ஓடினேன்.

“ராஜபாளையம் போய்ட்டு வர எம்புட்டு நேரமாகும்ணே?”

“ஒரு மணி நேரம் ஆவும்க்கா. ஞாயித்துக்கெழம, முகூர்த்த நாளு வேற. ரோடு பூரா வேனு.”

நிக்காஹ் பதினொரு மணிக்கு. போய் வந்தாலும் சார்ஜ் ஏற நேரமிருக்காது. திரும்பி உள்ளே வந்தேன். ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். மறுக்க முடியாமல் நாலைந்து எடுத்தேன். ஐந்து சதவீதம். கேமராவை அணைத்தேன். இனி ஒன்றே ஒன்றுக்குத்தான்.

பதினொன்று இருபது. ஆண்கள் பக்கத்திலிருந்து மைக்கில் துஆ ஓதும் குரல் கேட்டது. பெண்கள் பக்கம் அப்படியே அடங்கியது. சத்தம் கேட்காமலிருக்க ஷட்டரை மௌனத்தில் வைத்திருந்தேன். துஆ முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா கறுப்பு மணி கோத்த கருகமணி மாலையோடு வந்தார். அந்த வீட்டு வழக்கப்படி அவர்தான் கட்ட வேண்டும். எல்லாரும் ஆயிஷாவைச் சூழ்ந்தார்கள். நஸ்ரினின் அம்மா மும்தாஜ் எங்கே? கண்ணால் தேடினேன். பின்னால், தூணோரமாக நின்றிருந்தார். நடுவில் ஏழெட்டுத் தலைகள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறினேன். கீழே ஒரு பெண் அதட்டினார். “ஏட்டி, செத்த நவுருங்களேன்! போட்டோக்காரவுகளுக்கு மறைக்குதுல்ல!”

தலைகள் விலகின. ஆன் செய்தேன். மூன்று சதவீதம், சிவப்பில். கருகமணி ஆயிஷாவின் கழுத்தில் ஏறியது. பட்டனை அழுத்தினேன். திரை கறுத்துவிட்டது.

படம் விழுந்ததா, விழவில்லையா? பழைய கேமரா என்றால் ‘டக்’கென்று சத்தம் சொல்லிவிடும். இதில் நானே வாயை அடைத்து வைத்திருந்தேன்.

மும்தாஜம்மா வந்து என் கையைப் பிடித்தார். “எம்புள்ளைக்கு அனுப்பிருவியாம்மா?”

“அனுப்பிருதேம்மா,” என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சார்ஜர் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணிக்கு டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லை. கம்பியைப் பிடித்து நின்றேன்.

“எடம் கெடக்குல்லக்கா, உக்காருங்க,” என்றார் கண்டக்டர். உட்காரத் தோன்றவில்லை. வரும்போது ரசித்த அதே மலை இடப்பக்கமோ வலப்பக்கமோ வந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

அறைக்குள் நுழைந்ததும் கார்டை ரீடரில் செருகி போனில் மாட்டினேன். கடைசியாக ஒரே ஒரு படம். மண்டபத்து எல்இடி வெளிச்சத்தால் குறுக்கே மங்கலாக இரண்டு பட்டைகள். மௌன ஷட்டர் செய்த கோளாறு. போட்டிக்கு அனுப்பினால் குப்பைக்குத்தான் போகும். ஆனால் தலைகளுக்கு நடுவே மும்தாஜம்மா இருந்தார், அழுகையை அடக்க முந்தானையை வாயில் வைத்துக் கடித்தபடி.

கோடுகளுக்கு மன்னிப்புக் கேட்டு நஸ்ரினுக்கு அனுப்பினேன். பிறகு வாய்ஸ் மெசேஜில் அவள் குரல் வந்தது.

“கோடு கெடக்கட்டும்டி. நான் குவைத்துக்குக் கெளம்புன அன்னைக்கு அம்மா வாசலுக்கு வராம விறுவிறுன்னு உள்ள போயிட்டாக. மொகத்தைக்கூடக் காட்டலையேன்னு நாலு வருசமா எனக்குக் கோவம். உள்ள போயி இதத்தான் செஞ்சிருக்காக.”