கன்னத்தில் பதிந்த பாய்

கல்யாணமாகி நாற்பதே நாளில் பினாங்குக்குக் கப்பலேறிய என் வீட்டுக்காரர், 1960களின் நடுவில், நான்கு வருடம் கழித்துச் சிதம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கினார். எனக்கே அடையாளம் தெரியவில்லை. கன்னம் உப்பிக் கண் இடுங்கியிருந்தது. சிரித்தால் விழும் கன்னக்குழியைத்தான் நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன், அதைக் காணோம். மாமியாருக்கோ பெருமை தாங்கவில்லை.

“சீமைத் தண்ணி எம்புள்ளைக்கு நல்லா ஒத்துக்கிச்சு. கண்ணு வச்சிடாதீங்கடி!”

எங்கள் ஜனத்தில் கப்பலுக்குப் போனவர் பெருத்து வரவேண்டும். இளைத்து வந்தால் பிழைப்பு சரியில்லை என்று ஊர் பேசும். அப்புறம் வீட்டுக்கு வீடு விருந்து. பிரியாணி, ஊறுகாய், கருவாடு. அவர் நாளுக்கு நாள் பெருக்க, நானும் பூரித்துப்போனேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

ஒரு காலையில் அவர் எழுந்தபோது, படுத்திருந்த கோரைப்பாய் கன்னத்தில் வரிவரியாகப் பதிந்திருந்தது. பத்து மணிக்கும் அழியவில்லை. சாயங்காலம் முகம் வற்றி, கால் வீங்கியிருந்தது. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது; விரலை எடுத்த பின்னும் மேடேறவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

“மச்சான், இது சதை இல்ல.”

மறுநாளே கடலூரில் ஒரு டாக்டரிடம் போனோம். டாக்டர் இவருடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது முட்டை வெந்தது போல வெள்ளையாகத் திரண்டது. “சுப்ஹானல்லாஹ்” என்று என் வாய் தானாகச் சொன்னது.

“ரத்தத்துல தண்ணியப் புடிச்சு வைக்கிற சத்தும்மா இது. கிட்னி பழுதாகி ஒழுவிப் போவுது. அதான் தண்ணி ரத்தத்துல தங்காம சதைக்குள்ள கசிஞ்சு தேங்குது. படுத்தா மூஞ்சிக்கு வரும், நின்னா காலுக்கு எறங்கும். உப்பு ஜாஸ்தியானா இன்னும் தேங்கும்.”

“பொழச்சுக்குவாரா டாக்டர்?”

“மாத்திரை தரேன். தண்ணி வடிஞ்சிட்டா பயமில்ல.” வடியாவிட்டால்? மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

விருந்து போய் உப்பில்லாக் கஞ்சி வந்தது. மாமியார் அழுதுகொண்டே காய்ச்சினார். ஒரு வாரம் போயிற்று. காலையில் கண் விழித்ததும் அவர் கன்னத்தைத்தான் பார்ப்பேன். பாய் அப்படியே இருக்கும்.

பத்தாம் நாள் மடை திறந்தது. கொல்லைக்கும் கூடத்துக்குமாக நடந்தே களைத்துப்போனார். ஒரு மனிதருக்குள் இவ்வளவு தண்ணீரா! குடம் குடமாகச் சுமந்துகொண்டா இவர் எங்களோடு உட்கார்ந்து விருந்து சாப்பிட்டார்? முதலில் கணுக்கால் எலும்பு வெளியே வந்தது. பிறகு கழுத்து. அவரை யாரோ எனக்காகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் செய்வதுபோல் இருந்தது.

ஒரு நாள் கன்னத்தில் பாய் இல்லை. மாமியார் பார்த்துவிட்டு, “ஐயோ, எம்புள்ள இப்புடி எளைச்சிட்டானே, ஊரு என்னா பேசும்!” என்று தலையில் கைவைத்தார்.

அவர் சிரித்துவிட்டார். கன்னத்தில் குழி விழுந்தது.

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மாமியார் இருப்பதையும் மறந்து, ஓவென்று அழுதேன்.