சென்னப்பட்டணத்தில் சுமை தூக்கிய எங்கள் ஆள்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்; புத்தகம் படிக்க வராது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூடை சுமந்தவன், இன்று பதினோரு லாரிக்குச் சொந்தக்காரன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி என் வீட்டைக் கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். எவன் தயவிலும் வந்ததல்ல இது.

லாரிகளைவிட எனக்குப் பெரிய பெருமை ஒன்று உண்டு. சென்னப்பட்டணம் வெறும் மணல்வெளியாகக் கிடந்து, வெள்ளைக்காரன் கோட்டைச் சுவர் எழுப்பிய காலத்தில் எங்கள் முன்னோர் ஒருவர் நடந்தே போய் அங்கே சுமை தூக்கினார். அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். படகில் வரும் மூட்டையை அலைக்குள் இறங்கித் தலையில் வாங்க வேண்டும். உப்புத்தண்ணீர் கண்ணில் வழியாதிருக்க, அவர் சும்மாட்டுத் துணியின் முனையைப் பின்கழுத்தில் தொங்கவிட்டாராம். கடலையே பார்க்காத எங்கள் தெருவில் இன்றும் சும்மாட்டை அப்படித்தான் சுற்றுகிறோம்.

இதை என் சிநேகிதரான ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் சொன்னேன். அந்தப் பட்டணம் உருவானதில் நம் பக்கத்து ஆட்களின் பங்கைப் பற்றி அவர் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். வாரம் ஒருமுறை வந்து, எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவார். எங்கள் ஆளுக்கு முழுசாக ஒரு அத்தியாயம். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்தது நான். கீழப்பழுவூரிலிருந்து சொந்தக்காரர்களை வேன் வைத்துக் கூட்டிவந்தேன். முதல் பிரதியை வாங்கிக்கொண்டு மைக்கில் சொன்னேன்: "அந்தப் பட்டணமே எங்காளு தலையில ஏறித்தாங்க கரைக்கு வந்துச்சு." கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கீழே இறங்கியதும் மருமகளிடம் அந்த இடத்தைப் படிக்கச் சொன்னேன். பக்கம் பக்கமாகத் தள்ளினாள்.

"மாமா, இதுல நம்மாளு இல்ல. ஒரு மிராசுதாரு கோட்ட வேலைக்கு ஆளுங்கள அனுப்பி வெச்சாருன்னு இருக்கு. சும்மாட்ட அப்புடிச் சுத்தச் சொல்லிக் குடுத்ததும் அவருதானாம்."

வாத்தியாரை ஓரமாக அழைத்துப்போனேன். கையில் பாதி வடையோடு வந்தார்.

"என்னங்க சார் இது?"

"கோவிச்சுக்காதீங்க. அந்த மிராசுதாரு வூட்டுல ஓலை இருக்கு. ஒங்ககிட்ட வாய்ப்பேச்சுதான இருக்கு? படிக்கிறவன் நம்பணும்ல?"

"அப்ப எனக்கு வாசிச்சது?"

"ஆசையா கேட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. பேப்பர்ல இல்லாதத நானா சேத்து வாசிச்சேன். ஒங்களுக்கும் சந்தோசமாத்தான இருந்துச்சு?"

லாரியில் ஒரு கூடைக் கல் குறைந்தாலும் பார்த்த பார்வையில் சொல்லிவிடுகிற ஆள் நான். எதிரே உட்கார்ந்து, தாளில் இல்லாததை வாரக்கணக்கில் வாசித்தவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வேனில் திரும்பும்போது, கண் தெரியாத என் அக்கா, என் மருமகளிடம் கேட்டாள்: "நம்மாளு வர்ற பக்கத்தப் படி ஆயி, காதாலயாவது கேக்குறேன்."

மருமகள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்: "நம் ஊர் ஆள் ஒருவர் நடந்தே பட்டணம் போனார்..." ஏற்ற இறக்கத்தோடு, நன்றாகத்தான் வாசித்தாள்.

"எழுதியிருக்கிறத மட்டும் படிம்மா" என்றேன்.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். பிறகு வேனில் இருந்த அத்தனை பேரும் கேட்க, மிராசுதாரின் பெயரிலிருந்து தொடங்கினாள்.