வைரஸுக்குப் பயந்த சின்னத்தாய்

உடும்பஞ்சோலை ஏலக்காட்டில் கட்டே பார்க்கச் சின்னத்தாயை மிஞ்ச ஆள் கிடையாது. கட்டே என்பது ஏலச்செடிக்கு வரும் வைரஸ் நோய். குருத்திலையில் வெளிர்மஞ்சள் கோடு ஓடினால் போதும், தூரோடு பிடுங்கி எரித்துவிடுவாள். "பாவம் பாத்தா காடே போயிரும்" என்று கங்காணியிடமே சண்டைக்கு நிற்கும் வாய். அந்த வாய் டாக்டர் ஜெஸ்னாவின் முன்னால் உலர்ந்துபோனது.

புருஷன் பொன்ராஜ் இதயத்தசை தடித்துச் செத்தவர். ஏலக்காய்ச் சாக்கைத் தூக்கியவர் அப்படியே சரிந்தார். அதே நோய் இப்போது பதினேழு வயது மகள் ஆர்த்திக்கு. நாலு படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. மரபணுக் கோளாறு என்றார்கள் எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில். புதுச் சிகிச்சை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம், தாய் சம்மதித்தால் ஆர்த்தியையும் சேர்க்கலாம் என்றார் ஜெஸ்னா.

"நல்ல ஜீனை இதயத்துக்குள்ள கொண்டுபோகணும், சேச்சி. கையில ட்ரிப் போட்டா பெரும்பாலும் ஈரலுக்குப் போயிடும். நெஞ்சைத் திறந்து தசையில ஊசி போடலாம், இவ தாங்க மாட்டா. அதனால தொடை வழியா சின்ன டியூப் விட்டு, இதயத்தோட ரத்தக்குழாயிலேயே மருந்தை விடுவோம்."

"மருந்து எதுல போகும் டாக்டரம்மா?"

"வைரஸ்ல. பேடிக்க வேண்டாம், நோய் தராத வைரஸ். உள்ள இருந்ததை எடுத்துட்டு ஜீனை வச்சிருக்கோம்."

வைரஸாம்! பிடுங்கி எரிக்க வேண்டியதைப் பிள்ளை நெஞ்சுக்குள் விடுவதாம்! இப்படியும் ஓர் அநியாயம் உண்டா? சின்னத்தாய் மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

"எம்மா, செடி வேற, நான் வேறம்மா."

"சும்மா கெட. கட்டே பிடிச்ச தூரு ஒண்ணாவது பொழச்சுப் பாத்திருக்கியாட்டி?"

அந்த மழைக்காலம் முழுக்கப் பயந்தே செத்தாள். ஆர்த்திக்குச் சளி பிடித்தது, காய்ச்சல் வந்தது, கஷாயம் கொடுத்துத் தேற்றினாள். ஓணம் கழிந்ததும் ஒருநாள் குழாயடியில் குடத்தோடு ஆர்த்தி சுருண்டு விழுந்தாள். பொன்ராஜ் விழுந்த அதே மாதிரி. வைரஸாவது மண்ணாங்கட்டியாவது, பிள்ளை பிழைத்தால் போதும்! சின்னத்தாய் ஜீப் பிடித்து எர்ணாகுளம் ஓடினாள்.

"சம்மதம் டாக்டரம்மா. இப்பவே விடுங்க."

ஜெஸ்னா மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். முடிவு வந்ததும் சின்னத்தாயை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"சேச்சி, மருந்தைச் சுமக்கிற அதே வகை வைரஸ் இவ உடம்புக்குள்ள தானா வந்து போயிருக்கு. ஊர்ல சும்மா சுத்துறதுதான், கெடுதல் இல்ல. ஆனா உடம்பு அதை எதிர்க்கப் பழகிடுச்சு. இனி நாம விட்டா, வேலை செய்யறதுக்கு முந்தியே அழிச்சிடும். இவ உயிருக்கும் ஆபத்து. முதல்ல வந்தப்ப ரத்தத்துல இது இல்ல."

"நெஞ்சைத் திறந்து போட முடியாதா?"

"எந்த வழியில போட்டாலும் அதே வைரஸ்தானே, சேச்சி. வேற ஒண்ணு வர்ற வரைக்கும் மாத்திரையும் கவனிப்பும்தான்."

சின்னத்தாய் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அடி பாவி, உன் பயமே பிள்ளைக்கு எமனாயிட்டே என்று தலையில் அடித்துக்கொண்டாள். எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பெஞ்சில் ஆர்த்தி தலையை இறுகப் பின்னி, ஆஸ்பத்திரி உடுப்பை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். இத்தனை மாதத்தில் அன்றுதான் அவள் முகத்தில் பயம் இல்லை.

"எம்மா, என்னைக்கு மருந்து விடுதாகளாம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.